எறும்பின் மீசை

சமையல் மேடையில் சர்க்கரையோடு வரிசையில் போன எறும்பை, சின்னதைப் பெரிதாய்ப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ் நிறுத்தியது.

"ஒரே நிமிஷம். உன் மீசையைப் படம் பிடித்துக்கொள்கிறேன்."

தானாக ஃபோகஸ் ஆகிற வகை இல்லை அது. வளையத்தை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இருந்தது.

"அசையாதே! கண் தெளிந்தால் மீசை மங்குகிறது."

"எல்லோரும் போகிறார்கள் அண்ணே," என்று எறும்பு கால் மாற்றி நின்றது.

"இதோ, ஆச்சு."

ஒருவழியாகப் படம் விழுந்தது. மீசையின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. எறும்பு வெகுநேரம் சொக்கிப்போய்ப் பார்த்தது.

"பின்னால் கறுப்பாக என்னவோ கலங்கலாக இருக்கிறதே?"

"அதை விடு. வேண்டாததையெல்லாம் மங்கலாக்கிவிடுவேன்."

எறும்பு திரும்பிப் பார்த்தது. மேடை வெறிச்சென்று கிடந்தது.

"அண்ணே, அந்தக் கலங்கலைக் கொஞ்சம் தெளிவாகக் காட்டுங்களேன். அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று பார்க்க வேண்டும்."