மலை மறைத்த பொழுது

மகள் சுனந்தா தங்கிப் படிக்க இன்று செஞ்சியில் பார்க்கும் மூன்றாவது அறை இது. தொண்டூர் சம்பவநாதன் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். சுனந்தா தூக்குச் சட்டியோடு மேற்கு ஜன்னலோரம் நிற்கிறாள். சமணர் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது; இருட்டில் தெரியாமல் எறும்பு, பூச்சி எதுவும் வாய்க்குள் போய்விடக் கூடாது. சுவரில் ஏறிக்கொண்டிருந்த வெயில் சட்டென்று அணைகிறது. கோட்டை மலை சூரியனை மறைத்துவிட்டது. "வெளக்கேத்தட்டுமா?" என்கிறார் வீட்டுக்கார அம்மா கமருன்னிசா. "வாணாம்மா, பொழுது இன்னும் சாயல. மலைக்குப் பின்னாலதான் இருக்குது," என்று பதறுகிறார் சம்பவநாதன். மகளிடம் திரும்பி, "நீ சாப்டும்மா" என்கிறார். சுனந்தா மூடியைத் திறக்கிறாள். தயிர்ச்சோற்றில் கறுப்பாக ஏதோ தெரிகிறது. கடுகா, எறும்பா? குனிந்து பார்க்கிறாள், விரல் இறங்கவில்லை. "நைனா, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து இப்படித்தான் சோத்த உத்துப் பாத்துக்கினு இருக்கணுமா?" தாழ்ப்பாள் சத்தம் நின்றுபோகிறது.