தூக்குக்குண்டு

சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட கொத்தனார், சக்கர நாற்காலியில் இடப்பக்கம் வளைந்து உட்கார்ந்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. விலாவுக்குள் மட்டும் தணல் அணையாமல் கனன்றுகொண்டிருக்கிறது. வெயில் விழும் சுவரில் மனைவி கல்யாணப் படத்தை மாட்டுகிறாள். அவள் தோள் பட்டு, பக்கத்து ஆணியில் நூலில் தொங்கும், அவர் சுவருக்கு நேர் பார்க்கும் தூக்குக்குண்டு ஆடுகிறது. "வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கு. ஆங், அவ்வளவுதான்! கொத்தனார் கண்ணு, தப்புமா?" அவள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "தப்புமாங்க? இப்பத்தான் நேரா இருக்கு." வேலைக்குக் கிளம்பிப்போகிறாள். கதவு சாத்தும் சத்தத்துக்குப் பிறகு வீட்டில் மின்விசிறி மட்டும் பேசுகிறது. குண்டு மெல்ல மெல்ல ஆட்டம் அடங்கி நிற்கிறது. படத்தின் விளிம்பு அந்த நூலோடு சேரவில்லை. உள்ளே மாப்பிள்ளையும் பெண்ணும் அவரைப் போலவே சாய்ந்து நிற்கிறார்கள். சித்தாளாக இருந்து, அவர் எழுப்பிய சுவருக்கெல்லாம் நூல் பிடித்தவள் அவள்.