விரலில் துடிக்கும் நெஞ்சு

கல்யாணத்தில் மாற்றிக்கொண்ட மோதிரங்கள் அவை. அவன் நெஞ்சு துடித்தால் அவள் விரலில் தெரியும்; அவளுடையது அவன் விரலில்.

தினமும் சபேசன் வீட்டுக்குள் நுழைவதற்குச் சற்றுமுன் வான்மதியின் விரல் படபடக்கும். எதிர்வீட்டு லாவண்யாவோடு லிப்டில் வருகிறான், வேறென்ன? அவளுக்கு வயிறு எரிந்தது.

கையும் களவுமாகப் பிடிக்க, அன்று மாடிப்படியில் ஒளிந்து நின்றாள்.

லிப்ட் திறந்தது. சபேசன் தனியாகத்தான் வந்தான். வீட்டு வாசலில் நின்று தன் மோதிரத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னிக்கும் கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கா."

உடனே அவள் விரல் படபடத்தது.

அழைப்புமணியை அழுத்தப்போனவன் கையை இழுத்துக்கொண்டு, மூடிய கதவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்: "ஆறு மணிக்குக் கிளம்பினேன், மதி. வழியில யாரையும் பாக்கல. யாரோடயும் பேசல."

குரல் நடுங்கியது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான்.