அந்தச் சக்தி எங்கே போனது?

முன்னால் போன வெள்ளைக் கார் திடீரென்று வேகத்தைக் குறைத்தது. பின்னால் சனத்தை ஏற்றி வந்த வான் முட்டியது.

பெரிய சத்தமில்லை. கனவுக்குள் யாரோ கதவைத் தட்டினதுபோல ஒரு ‘டொக்’. ஒட்டிக்கொண்ட இரண்டும் ஊர்ந்து ஊர்ந்து குறிகட்டுவான் துறையடியில் நின்றன. றோட்டு அதோடு முடிகிறது. அப்பால் கடல், காலை வெயிலில் எண்ணெய் பூசினமாதிரி.

வானில் நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற சனம். படகைப் பிடிக்கத்தான் டிரைவர் ஜெயரூபன் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தான் என்று எல்லாருக்கும் நினைப்பு. அந்த றோட்டில் எல்லா வானும் அப்படித்தான் வரும்.

காரை ஓட்டிவந்த பவதாரணி நோர்வேயிலிருந்து லீவில் வந்தவர். இறங்கியதும் நேரே ஜெயரூபனிடம் போய் ஏதோ மெல்லக் கதைத்தார். அதற்குள் சனம் சூழ்ந்துகொண்டது.

“வெளிநாட்டுக்காரருக்கு றோட்டையும் சீதனமாக் குடுத்தாச்சோ?” என்றார் வானில் வந்த பாலசிங்கம்.

பவதாரணி குனிந்து நெளிந்த பம்பரைத் தடவினார்.

அதே வானில் வந்த வினோஜா விடுவாளா? கம்பஸில் பௌதிகம் படிக்கிறவள். வாதாடக் கிடைத்தால் சோறும் வேண்டாம்.

“அக்கா, ஓடி வந்த வானின்ர சக்தி சும்மா மறையாது. பம்பர் நெளிய கொஞ்சம்தான் போயிருக்கு. மிச்சம் பிரேக்கில சூடா இருக்கும். நீங்கள் திடீரெண்டு பிரேக் அடிச்சதுக்கு உங்கட சில்லின்ர சூடுதான் சாட்சி.”

கார்ச் சில்லில் டயருக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனாள். அனலடித்தது. கருகின மணம்.

“பாத்தீங்களோ?”

சனம் இன்னும் நாலு வார்த்தை ஏசிவிட்டுப் படகுக்கு ஓடியது. வினோஜாவுக்கு வாதம் முடியவில்லை. தங்கள் டிரைவரும் ஒழுங்காகப் பிரேக் அடித்தவர்தான் என்று காட்ட, வான் சில்லுக்குக் கிட்டக் கை வைத்தாள்.

சூடில்லை. மற்றச் சில்லும் அப்படியே.

“அண்ணை, பிரேக்...?”

“பிடிக்கேல்லை. அதுதான் ஹோர்ன் அடிச்சனான்,” என்றான் ஜெயரூபன்.

வினோஜா கடலைப் பார்த்தாள். நெளிந்த காரைப் பார்த்தாள். இந்த மனுசி ஹோர்ன் சத்தத்திலேயே விளங்கி, வேண்டுமென்றே முட்ட விட்டு, தன் பிரேக்கால் வானையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறார். வானை இனி யாரும் ஸ்டார்ட் பண்ணாதபடி அதன் திறப்பும் இப்போது அவர் கைக்குள்.

“ஏனக்கா சொல்லேல்லை? நாங்கள் இவ்வளவு ஏச...”

“சொன்னா இந்தப் பெடியனையெல்லோ அடிச்சிருப்பினம்.” பவதாரணி சிரித்தார். “சனத்தின்ர கோவமும் சும்மா மறையாது, தங்கச்சி. அதுவும் என்னிலயே முட்டட்டும் எண்டு விட்டிட்டன்.”