மூன்று மாதக் கண்

"பொண்ணு பார்க்க என்னைக்கு வர்றாங்க?" கண்ணில் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை விட்டபடியே நர்ஸ் மங்கதாயாரு வாயைக் கிளறினாள். குண்டூரில் மாறுகண்ணை நேராக்க வரும் பெண்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

"கல்யாணமெல்லாம் இல்லக்கா. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வர்றாங்க. அதுக்குள்ள கண்ணு நேராகணும்" என்றாள் ஹைமா.

"மாறுகண்ணு அதிர்ஷ்டம்மா! அதைப் போய் மாத்தணுமா?"

"அந்த அதிர்ஷ்டத்தைத்தான் பொறந்ததுலேருந்து பார்த்துட்டிருக்கேனே."

செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அதே முகம், அதே மூக்குத்தி. பார்வை மட்டும் நூல் பிடித்தாற்போல் நேர்.

"இப்படி வரணும்க்கா."

"அடேயப்பா, போன்லயே நேராக்கிட்டியா!" மங்கதாயாரு சிரித்தாள். ஹைமா சிரிக்கவில்லை.

டாக்டர் சுவர்ச்சலா ஊசியோடு வந்தார். "இது விஷம்தாம்மா, ஆனா துளியூண்டு. கண்ணை உள்ளே இழுக்கிற தசையைத் தளர வைக்கும். இமை கொஞ்ச நாள் தொங்கினாலும் தொங்கும்."

"ஐயோ, தொங்கக்கூடாது மேடம். அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க."

"பயப்படாதே. மூணு மாசத்துல மருந்தோட வேகமே போயிடும்."

"அப்போ மறுபடி போட்டுக்கலாம்ல? அம்மா இருக்கிற வரைக்கும் போட்டுக்கறேன்."

ஊசி இறங்கியபோது அவள் முனகக்கூட இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் அழுதாள். பாவம், வலிக்கிறது போலிருக்கிறது என்று டாக்டர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"வீட்டுல வேற யாரும்மா?"

"அக்கா ஒருத்தி இருந்தா. போன மாசம் லாரி மோதிப் போயிட்டா. விபத்துன்னு கேட்டதுமே அம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாங்க. அம்மாவுக்கு அவதான் உசுரு."

டாக்டருக்கு மனம் தாங்கவில்லை. "அம்மாவை ஒரு நாள் கூட்டிட்டு வா. உங்க ஹைமாவோட கண்ணு எவ்வளவு அழகாயிடுச்சு பாருங்கன்னு நானே சொல்றேன்."

ஹைமா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பேரை மட்டும் சொல்லிடாதீங்க மேடம். போட்டோவுல இருக்கிறது அக்கா. நாங்க ரெட்டைப் பிள்ளைங்க."

"அதனால என்னம்மா?"

"செத்தது நான்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கோம்."