மருந்து கூடிப்போச்சு

“எல்லாரும் வெளிய வாங்க! உடனே! குழந்தைங்களை முதல்ல ஏத்துங்க!”

நீச்சல் குளத்தில் அப்போது இருபது பேராவது இருந்திருப்பார்கள். லைஃப் கார்டு கரையோரமாக ஓடி ஓடி ஒவ்வொருவரையும் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்குவதால் அங்கே அவருக்கு விசில்காரர் என்றுதான் பேர்.

“என்னண்ணே ஆச்சு?”

“மருந்து கூடிப்போச்சும்மா. குளோரினை அளவு பார்க்காம கொட்டிட்டேன். என் தப்புதான். எல்லாரும் சோப்புப் போட்டு நல்லாக் குளிச்சிடுங்க. வாயைக் கொப்பளிங்க. குளம் இனிமே நாளைக்குத்தான்.”

“நெடியே வரலையே?” ஒரு பெண் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

“அப்புறம் வரும்மா. நீங்க முதல்ல குளிக்கப் போங்க.”

கடைசியாக ஏணியில் ஏறி வந்தவர் போர்டு சார்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். வாசலில் தொங்கும் விதிமுறைப் பலகையை வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுவதால் அந்தப் பேர். குளிக்காமல் தண்ணீரில் கால் வைக்க விடமாட்டார். தலையில் எண்ணெய் மின்னினால் விடமாட்டார். ஓடுகிற பிள்ளையை நிறுத்தி, வழுக்கி விழுந்தால் எத்தனை பல் போகும் என்று விவரமாகச் சொல்லுவார். அவர் தலையைக் கண்டாலே பலருக்கு முகம் சுருங்கும். ஆனால் அந்தக் குளத்தில் குளித்து யாருக்கும் ஒரு கண்வலிகூட வந்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விசில்காரர் பெரிய துண்டு ஒன்றை விரித்து அவர் இடுப்பைச் சுற்றிப் போர்த்தினார்.

“விடுய்யா! நான் என்ன பச்சைக் குழந்தையா? பதினோரு வருஷமா மருந்து போடுறே. இன்னைக்குக் கண்ணை எங்கே வச்சிருந்தே?”

“குளிச்சிட்டு வந்து திட்டுங்க சார். இப்பப் போங்க.”

“குளியல் கிடக்கட்டும். முதல்ல உன்னைக் கவனிச்சிட்டு வர்றேன்.”

ஈரத் துண்டோடு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். ஈரத்தோடு அங்கே நுழையக் கூடாது என்பதும் பலகையில் இருக்கிற விதிதான். கோபத்தில் அவருக்கே அது மறந்துபோனது.

மேனேஜர் அம்மாள் புகார்ப் பதிவேட்டை நீட்டினார். போர்டு சார் நின்றபடியே எழுதினார். ‘குழந்தைகளின் கண்ணோடு விளையாடியிருக்கிறார். இவர் இனி ஒருநாளும் இங்கே வேலை செய்யக் கூடாது.’ கையெழுத்துப் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று குளிக்கப் போனார்.

விசில்காரர் வரவழைக்கப்பட்டார்.

“இதெல்லாம் உண்மையா?”

“உண்மைதான் மேடம்.”

“உங்க பேர்ல ஏற்கெனவே ரெண்டு சிவப்பு மைக் குறிப்பு இருக்கு. மூணாவது விழுந்தா வேலை போயிடும். தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.”

“ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க. கேட்டுக்கறேன்.”

விசில்காரர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மேனேஜர் பெருமூச்சோடு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

கதவு படாரென்று திறந்தது. போர்டு சார் நின்றார். தலை சொட்டச் சொட்ட, சட்டைப் பொத்தான் ஏறுக்குமாறாக. முகத்தில் ஈயாடவில்லை.

“எழுதாதேம்மா. மருந்து அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?”

“எங்கிட்டதான் சார். காலையில இருந்து இந்த டிராயரை விட்டு வெளியவே...” பாதியில் நிறுத்திய மேனேஜர், விசில்காரரைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப நீங்க எதைக் கொட்டினீங்க?”



“அவன் எதையும் கொட்டலைம்மா.” போர்டு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எல்லாம் என்னால வந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் வயிறு என் பேச்சைக் கேட்கறதில்லை. தண்ணிக்குள்ள எனக்கே தெரியல. குளியலறையில துண்டை அவிழ்த்தப்பதான்...”

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“சோப்புப் போட்டுக் குளிங்கன்னான். வாய் கொப்பளிங்கன்னான். குளத்தை மூடிட்டான். தண்ணி அசிங்கமானா என்னென்ன செய்யணும்னு நான் கத்திக்கிட்டுக் கிடந்தேனோ, அதையெல்லாம் ஒண்ணு விடாம செஞ்சிட்டான். காரணத்தை மட்டும் தன் தலையில போட்டுக்கிட்டான். நான் போய் அவன் வேலைக்கே உலை வச்சேன் பாரு!”

மேனேஜரின் கையிலிருந்து பேனாவை வாங்கினார். “எத்தனையோ பேரைப் பத்தி எழுதினவன் நான். இன்னைக்கு என்னைப் பத்தி எழுதறேன்.”

பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். 

அதற்குள் குளித்து முடித்தவர்கள் நாலைந்து பேர், சண்டை போடும் முகத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். மூக்கை உறிஞ்சிய பெண்தான் முன்னால் இருந்தாள்.

“என்ன மேடம், சார் எதுக்கு அழறார்? யார் தப்பாம்?”

 போர்டு சார் நிமிர்ந்து, சொல்வதற்கு வாயைத் திறந்தார்.

விசில்காரர் முந்திக்கொண்டார். வாசல்வரை கேட்கும்படி உரக்கவே சொன்னார்:

“சார் சொல்றதை நம்பாதீங்க மேடம். என் வேலை போயிடக் கூடாதுன்னு, வாழ்க்கையில முதல் தடவையா பொய் சொல்றார்.”