முதுகு காட்டின படம்

"ஏட்டி, கையை நீட்டு."

ஆறு வயசுக் குழலு பீச்சாங்கையை நீட்டினா. அவ அம்மை வடிவம்மாள் ஒரு பழந்துணியை எடுத்து, அந்தக் கையை இடுப்போட சேத்து வச்சுக் கட்டினா. பொறவுதான் தட்டுல சோறு விழுந்துச்சு.

சோத்தாங்கை சொன்ன பேச்சைக் கேக்கல. வாய்க்குப் போற சோத்துல பாதி பாவாடைக்குப் போச்சு. பக்கத்துல நின்ன கோழிக்குத்தான் நல்ல காலம்.

"நல்லா இறுக்கிக் கட்டு"ன்னா நாத்தனார் ஆவுடையம்மாள். "பீச்சாங்கைக்காரி நீ ஒருத்தி வந்ததுக்கே எங்க ஐயா சாகுத வரைக்கும் உனக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட்டாக. இவளுக்கு நீ ஊட்டி விட்டதால தெரியாமப் போச்சு, ரெண்டு பேருன்னு தெரிஞ்சிருந்தா சோத்தையே விட்டிருப்பாக."

வடிவம்மாள் முடிச்சை இன்னும் இறுக்கினா. மாமனார் குற்றாலிங்கத்துக்குத் தென்காசியில பலசரக்குக் கடை. அதுவரைக்கும் மூணு நேரமும் கடைக்குள்ளயே சாப்பிட்ட மனுசன், மருமவ வந்த பொறவு வீட்டுக்கு வந்தாரு. ஆனா சுவத்தைப் பாத்து உக்காந்துதான் சாப்பாடு. மருமவ பீச்சாங்கையைப் பாக்கப் புடிக்கலன்னு தெருவே சொல்லுச்சு. அவளும் நம்பினா. போன வருசம் அவரு போயிட்டாரு, பேச்சு போகல. பிள்ளைக்கும் அந்தப் பேரு வந்துரப்படாதுன்னுதான் இந்தத் துணி.

அந்நேரம் பாத்து வாசல்ல வந்து நின்னான் பால்வண்ணநாதன். குற்றாலிங்கத்துக்கு அண்ணன் மகன், கொழும்புல கடை வேலை. கையில தகரப்பெட்டி கணக்கா, சுவத்துல படம் காட்டுத ஒரு மிசினு.

"வாலே, பொய்ப்படக்காரா!"ன்னா ஆவுடையம்மாள். "பத்து வருசத்துக்கு முந்தி குத்தால சீசன்ல எங்களை நிக்க வச்சு, உக்கார வச்சு படம் புடிச்சே. பவுடர் தீந்ததுதான் மிச்சம். படம் எங்கலேன்னா, தொலைஞ்சு போச்சுன்னு சொன்னே."

"கிடைச்சிருச்சுக்கா."

பட்டப்பகல்ல சன்னலையெல்லாம் அடைச்சான். வடிவம்மாள் புருசன் நல்லதம்பியோட வேட்டி ஒண்ணை எடுத்துச் சுவத்துல தொங்கவிட்டான்.

"கொடியில கெடந்ததை எடுத்தியே, சந்தோசம். நான் உடுத்தினதை உருவாம விட்டியே"ன்னான் நல்லதம்பி.

அட்டையில ஒட்டின குட்டிக் குட்டி பிலிம் ஸ்லைடு. மொத ஸ்லைடைப் போட்டான். ஐந்தருவித் தண்ணி கீழயிருந்து மேல ஏறுச்சு.

"ஏயப்பா! கொழும்புக்குப் போனா அருவிக்குக்கூட புத்தி மாறிருதே!"ன்னா ஆவுடையம்மாள்.

தலைகீழா இருந்ததை நிமித்தினான். பொறவு வரிசையா வந்தாக. ஒடம்பு பூரா எண்ணெயோட மீனு கணக்கா மின்னுத நல்லதம்பி. ஆவுடையம்மாள் கையில இருந்த முறுக்கைப் புடுங்கிட்டு ஓடுத கொரங்கு.

"அந்தக் கொரங்கு ஒன்னைய இன்னும் விசாரிக்குதுக்கா"ன்னான் பால்வண்ணம்.

ஆவுடையம்மாள் சிரிச்சா. அடுத்த ஸ்லைடுல தலையில துண்டைக் கட்டிக்கிட்டு அவ ஐயா சிரிச்சாரு. இவ சிரிப்பு நின்னு போச்சு, மூக்கை உறிஞ்சினா.

கடைசி ஸ்லைடு. எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பொறவு எடுத்தது. பாறை மேல ரெண்டே ரெண்டு இலை. வீட்டுக்குக் கடைசியா சாப்பிடுத மருமவ வடிவம்மாள் அங்கன. அவளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இங்கன குற்றாலிங்கம். சோத்தை உருட்டி வாய்க்குக் கொண்டு போறாரு.

பீச்சாங்கையால.

"ஏலே கூறுகெட்டவனே, படத்தைத் திருப்பிப் போட்டிருக்கே! எங்க ஐயா பீச்சாங்கையாலயா திம்பாக?"

"மாறிப் போச்சோ என்னமோக்கா." பால்வண்ணம் ஸ்லைடை முன்பக்கம் பின்பக்கமா மாத்திச் சொருகினான். இப்பம் சோத்தாங்கை.

"ஆங்! இதுதான் எங்க ஐயா."

"மதினி"ன்னா வடிவம்மாள், மெதுவா. "இதுல நானும் சோத்தாங்கையாலல்லா திங்கேன்."

ஆவுடையம்மாள் வேட்டிப் பக்கமா குனிஞ்சு பாத்தா.

"நான் எந்தக் காலத்துல சோத்தாங்கையால தின்னேன்? முதல்ல இருந்த மாதிரியே போடுங்க கொழுந்தனாரே."

போட்டான். மருமவளும் பீச்சாங்கை. மாமனாரும் பீச்சாங்கை.

"படம் தொலையல மதினி"ன்னான் பால்வண்ணம். "நான் எதுக்க நின்னு எடுத்ததைச் சித்தப்பா பாத்துட்டாக. 'ஏலே, சோத்தாங்கையால நிறுக்கப் பழகிட்டேன், குடுக்கப் பழகிட்டேன். சோறு மட்டும்தான் பழகல. ஊருக்குத் தெரிஞ்சா எவன் என் கடையில சாமான் வாங்குவான்? நான் இருக்க வரைக்கும் இதை வெளியில எடுக்காதே'ன்னாக."

"அவ்வளவுதானா?"ன்னா வடிவம்மாள்.

"இல்ல. 'நான் போன பொறவு வடிவுக்குக் காட்டு. நான் முதுகைக் காட்டினது கோவத்துல இல்ல, வெக்கத்துலன்னு சொல்லு. அந்தப் பிள்ளை வந்த பொறவுதான்லே எனக்கு வீட்டுல உக்காந்து சோறு திங்கவே தெம்பு வந்துச்சு'ன்னாக."

வடிவம்மாள் எந்திரிச்சு வேட்டிப் பக்கமா போயி நின்னா. மாமனாரோட பீச்சாங்கை வெளிச்சமா வந்து அவ தோள்ல விழுந்துச்சு. அவ நகரல.

"எம்மா, எனக்குப் பசிக்கி"ன்னா குழலு இருட்டுக்குள்ளயிருந்து. "கோழிதான் பூராத்தையும் தின்னுட்டு."

ஆவுடையம்மாள் முந்தானையால மொகத்தைத் தொடச்சுக்கிட்டா. தட்டு நெறையச் சோத்தைப் போட்டு வந்து பிள்ளை முன்னால வச்சா. குனிஞ்சு, இடுப்புல இருந்த முடிச்சை அவுத்தா.

"ஏட்டி, இந்தக் கையாலயே தின்னு"ன்னா. "இது பீச்சாங்கை இல்ல. எங்க ஐயா கை."